வேலி தாண்டாதவர்கள்

நூற்றுப் பதினான்கு பேர் காணாமல் போனார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதினவர்கள் தேடவில்லை. கரையில் இறங்கி ஒரு கம்பத்தைப் பார்த்தார்கள், காற்று மாறுகிறது என்று கப்பலேறிவிட்டார்கள். அதற்குப் பெயர் தேடுவதா? அந்த நூற்றுப் பதினான்கு பேரில் ஒருவர்கூட எங்கேயும் போகவில்லை. கொடுத்த வாக்கு மாறாமல், வேலிக்கு வெளியே ஒரு கால் வைக்காமல், உள்ளேயே இருந்தார்கள். வேலிதான் நடந்து போயிற்று.

வேலி போட்டவன் தச்சன் கிறிஸ்பின். தப்பும் அவனுடையது, பெருமையும் அவனுடையது. இரண்டையும் அவன் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை.

அமெரிக்கக் கரையோரம், காலையில் மூடுபனியும் மாலையில் கொசுவும் தவிர வேறெதுவும் சொன்ன நேரத்துக்கு வராத ஒரு மணல் தீவில் இங்கிலாந்துக் கப்பல் அவர்களை இறக்கிவிட்டபோது, ஆளுக்கு ஐந்நூறு ஏக்கர் நிலம் என்று முத்திரை வைத்த காகிதம் ஒவ்வொருவர் பெட்டியிலும் இருந்தது. அந்த நிலத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள் என்பது காகிதத்தில் இல்லை. முந்தின தடவை வந்த சிப்பாய்கள் ஒரு வெள்ளிக் கிண்ணம் காணோம் என்று அந்த ஆட்களின் ஊர் ஒன்றை மக்காச்சோளக் காட்டோடு கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள் என்பதும் இல்லை. ஆறாம் நாள் நண்டு பிடிக்கப் போனவன் ஒருவன் முதுகில் ஒன்பது அம்போடு மிதந்தான். ஏழாம் நாள், குடியேற்றத்துக்குக் காவல் பொறுப்பான கேப்டன் மார்டெக் தச்சனைக் கூப்பிட்டனுப்பினார்.

"பதினைஞ்சு நாள்ல வேலி நிக்கணும்."

"மரம் காயணும், கேப்டன். ரெண்டு வருஷம்."

"அம்பு ரெண்டு வருஷம் காத்திருக்காது."

தச்சனின் ஊரில் வேலிக்கம்பம் என்றால் பனிக்காலத்தில் வெட்ட வேண்டும், பட்டை உரிக்க வேண்டும், காயப் போட வேண்டும், நட்டுவைக்கும் நுனியை நெருப்பில் காட்டிக் கரியாக்க வேண்டும். அப்போதுதான் மரத்துக்குத் தான் செத்துவிட்டது என்று உறைக்கும். கிறிஸ்பினுக்கு நேரமில்லை. சதுப்போரம் ஒரு மரம் நின்றது, நேராக, உயரமாக, வெட்டினால் வெண்ணெய்போல வழிவிடுகிற மரம், இங்கிலாந்தில் இல்லாதது. பெயர் தெரியாது. பெயர் தெரிந்தவர்களைக் கேட்கலாம் என்றால் அவர்கள் ஊரைத்தான் கொளுத்தியாயிற்று. பச்சையாக வெட்டினான், பட்டையோடு நட்டான், கரிக்காமல் அடித்து இறக்கினான். நானூற்றுச் சொச்சம் கம்பங்கள், இரண்டு ஆள் உயரம், வட்டமாக. வாசலுக்கு மட்டும் மரம் போதாமல், கப்பலில் முறிந்து கிடந்த, ஆள் உயரத்துக்குச் சற்றே கூடின பழைய பாய்மரத்துத் துண்டு ஒன்றைக் கம்பமாக நிறுத்திக் கதவை அதில் மாட்டினான். அந்த வேலி முழுக்க ஒழுங்காகச் செத்த மரம் அது ஒன்றுதான்.

குடியேற்றத்தின் கவர்னர் தானியம் கொண்டுவர இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அன்று அந்த வாசல் கம்பத்தில் எல்லோரும் கை வைத்துச் சத்தியம் பண்ணினார்கள். "நீங்கள் திரும்பி வரும்வரை இந்த வேலியைத் தாண்ட மாட்டோம்." ஒருவேளை தாண்ட நேர்ந்தால் போகிற இடத்தின் பெயரை அந்தக் கம்பத்தில் செதுக்கிவைக்க வேண்டும், ஆபத்தில் போகிறார்கள் என்றால் பெயருக்கு மேலே ஒரு சிலுவை செதுக்க வேண்டும், சிலுவையைக் கண்டால் துப்பாக்கிகளோடு வந்துசேர்வோம் என்று கவர்னர் சொன்னார். ஆறு மாதம் என்றார். போனார். ஆறு மாதம் ஆயிற்று. பத்து மாதமும் ஆயிற்று.

மாவு தீர்ந்தது. உப்பிட்ட மீன் தீர்ந்தது. உப்பும் தீர்ந்தது. வேலிக்குள் விதைத்த பட்டாணியை மணல் தின்றது. தோல் வார் வேகவைத்த தண்ணீரைச் சூப் என்று சொல்லிக் குடித்தார்கள். தச்சன் பெண்டாட்டி டார்கஸுக்கு அப்போது மூன்றாவது மாதம். அதற்குமுன் பெற்ற இரண்டும் பால் இல்லாமல் போனவை. இரண்டு சவப்பெட்டியும் அவனே செய்தான், இரண்டும் ஒரு முழம்.

"தச்சரே," என்றாள் ஒருநாள். கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். "இதுக்கும் பெட்டிக்கு மரம் எடுத்து வச்சிட்டியா?"

அவன் எழுந்துபோய் வேலியருகே நின்றான். அப்போதுதான் பார்த்தான், வாசல் கம்பத்துக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அவன் வேலையில் ஒரு நெல் நுழைய இடம் இருந்ததில்லை.

மறுநாள் இரண்டு சாண். கதவு கழன்று தொங்கியது. மூன்றாம் நாள், வாசலோரம் உள்ளே இருந்த கிணறு வேலிக்கு வெளியே இருந்தது. கிணறு நகரவில்லை, கிணறு நகருமா? நில அளவைக்காரர் கயிறு போட்டு அளந்தார், திசைகாட்டி வைத்துப் பார்த்தார், வேலி மொத்தமும் வாசல் கம்பத்தை மட்டும் விட்டுவிட்டு நேர்தெற்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தாளில் எழுதி, மை காய மணல் தூவி, கேப்டனிடம் கொடுத்தார். கேப்டன் இரண்டு தரம் படித்தார்.

"யார் போட்ட வேலி?"

"நான்தான்."

"நிறுத்து."

கிறிஸ்பின் ஒரு கம்பத்தடியைத் தோண்டினான். வெள்ளை வேர், குழந்தையின் கால்விரல் மாதிரி. வெட்டினான். மறுநாள் அங்கே இரண்டு இருந்தன. அதையும் வெட்டினான், நான்கு வந்தன. ஐந்தாம் நாள் வெட்டுகிற வாச்சியைக் கீழே போட்டுவிட்டான்.

எப்போது நடக்கிறது என்பதைக் கண்டவனும் அவன்தான். தினமும் காலையில் பாதிரியார் ஒபதியா ஜெபம் நடத்துவார். எல்லோரும் முழங்காலில், எல்லோர் கண்ணும் மூடியிருக்கும், கண் திறந்தவனுக்குப் பத்துச் சவுக்கடி என்பது கேப்டனே எழுதின சட்டம். கிறிஸ்பின் விரலிடுக்கில் ஒரு கண் திறந்தான். நானூறு கம்பமும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடை தாண்டும் பெண்பிள்ளைகள் மாதிரி வேரை மணலிலிருந்து உருவி எடுத்து, சத்தமில்லாமல் முன்னே வைத்துக்கொண்டிருந்தன. அவன் கண் பட்டதும் ஒரு வேரை அந்தரத்தில் தூக்கினபடி அப்படியே நின்றன. திருட வந்த வீட்டில் விளக்கு எரிந்தால் திருடன் நிற்பானே, அந்த நிற்பு.

"போ, போ," என்று முணுமுணுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

விஷயம் பரவிற்று. ஒருவரும் கூச்சல் போடவில்லை. பசித்தவனுக்கு ஆச்சரியப்படத் தெம்பு ஏது? சமையல் செய்கிறவர்கள் அடுப்பை மூன்று கல்லில் வைத்துக்கொண்டார்கள், தூக்க வசதியாக.

கேப்டன் சட்டம் தெரிந்தவர். வேலி தெற்கே போகிறது. தெற்கே என்ன இருக்கிறது? தீவு முடிகிறது, பிறகு ஆழமில்லாத கடற்கால், அதற்கு அப்பால் இன்னொரு தீவு, அங்கே மக்காச்சோளம் விளைவிக்கும் ஒரு கூட்டம். நாம் தாண்டவில்லை, ஆனால் இடம் மாறுகிறோம், ஆகவே பெயர் செதுக்கியாக வேண்டும் என்று தீர்த்தார். வாசல் கம்பமோ அதற்குள் ஒரு கை தூரம் வெளியே போய்விட்டிருந்தது. நாளைக்கு எட்டாது. கிறிஸ்பின் இரண்டு காலையும் வேலிக்குள் வைத்து, இரண்டு ஆள் அவன் இடுப்பைப் பிடிக்க, கதவில்லாத வாசல் வழியே உடம்பை வெளியே நீட்டினான். உளியும் கொட்டாப்புளியும் கையில்.

"தெற்குத் தீவோட பேரு முதல்ல," என்றார் கேப்டன். "மேல சிலுவை."

சிலுவை. கிறிஸ்பின் அந்த எரிந்த ஊரைப் பார்த்தவன். மரம் தேடிப் போனபோது பார்த்தான், வரிசையாகக் கம்பங்கள், எல்லாம் கரிந்து. தான் நேரமில்லாமல் நுனியில்கூடச் செய்யாமல் விட்ட கரிக்கும் வேலையைச் சிப்பாய்கள் ஒரு ஊருக்கே முழுசாகச் செய்துவைத்திருந்தார்கள். சிலுவையைக் கண்டு கவர்னர் துப்பாக்கிகளோடு வருவார். வந்து தெற்குத் தீவில் என்ன செய்வார்? அந்தச் சோளக்காடு எரிந்தால் டார்கஸ் எதைத் தின்பாள், பிறக்கிறது எதைக் குடிக்கும்?

கையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு உயர்த்தினான். கம்பத்தின் தலைக்கு இரண்டு விரல் கீழே, முதல் எழுத்தை ஆரம்பித்தான். கடைசி எழுத்து முடிந்தபோது வியர்வை உளியில் வழிந்தது.

"சிலுவை?"

"மேல இடமில்லை, கேப்டன்."

"இடம் இருக்கே, ரெண்டு விரல்."

"எட்டலை."

கேப்டன் அவன் கையைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார். அவர் அவனைவிட ஒரு சாண் உயரம். ஆனால் எட்ட வேண்டுமென்றால் அவரும் கச்சையை அவிழ்த்துவைத்துவிட்டு வேலிக்கு வெளியே தொங்க வேண்டும். கேப்டன்கள் தொங்குவதில்லை.

"சரி, வா உள்ளே," என்றார்.

அதற்கப்புறம் தீவின் வாழ்க்கை நேராயிற்று. வேலி தாண்டக் கூடாது என்றுதான் சத்தியம், காடு வேலிக்குள் வரக் கூடாது என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை. வேலி முன்னால் போகப் போக, காட்டுத் திராட்சை கொடியோடு உள்ளே வந்தது, ஆமை முட்டையோடு உள்ளே வந்தது, நல்லதண்ணீர் ஊற்று ஒன்று இரண்டு நாள் உள்ளே இருந்து எல்லோரும் குளித்துத் துவைத்துக் குடித்து முடித்தபிறகு மரியாதையாகப் பின்பக்கம் வெளியே போயிற்று. பின்வேலி வந்து சுவரை இடிக்குமுன் கடைசி வீட்டைப் பிரித்து முன்னால் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். அது கிறிஸ்பின் வேலை. கடைசி வீட்டுக்காரன் மறுநாள் முதல் வீட்டுக்காரன் ஆனான். ஐந்நூறு ஏக்கர் காகிதங்களை அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டார்கள், எந்த ஐந்நூறு என்று யாருக்குத் தெரியும்? கேப்டன் வீடு ஒருமுறை கடைசிக்கு வந்தது, அதற்கு அடுத்தது பன்றிக்கொட்டகை. கேப்டன் ஒரு பகல் முழுக்கப் பன்றிகளுக்குப் பின்னால் குடியிருந்தார். ஊர் அதைச் சொல்லி ஒரு வாரம் சிரித்தது, பிறகு அதுவும் பழகிவிட்டது.

பாதிரியார் ஒபதியாவுக்குத்தான் யோகம். இங்கிலாந்தில் அவர் பிரசங்கத்தின் நீளம் தாங்காமல் மூன்று ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டு அவரைத் துரத்தியிருந்தார்கள். கப்பலேறினதே அதனால்தான். இங்கே ஜெபம் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் வேலி நடந்தது.

"ஐயா, இன்னிக்கு ஆதியாகமத்துல இருந்து ஆரம்பிங்க," என்று கெஞ்சினார்கள்.

"ஆதியாகமமா? ரெண்டு மணி நேரம் ஆகுமே."

"ஆகட்டும் ஐயா. அந்தப் பேரிக்காய் மாதிரி காய்ச்சிருக்கே, அந்த மரம் வரைக்கும்."

கேப்டன் ஒருநாள் அவரைத் தனியே கூப்பிட்டு, பிரசங்கத்தைக் கொஞ்சம் சுருக்கலாமா என்று கேட்டார். பாதிரியார் முகம் சிவந்துவிட்டது. "தேவனுடைய வார்த்தையைச் சுருக்குறதா? நீங்க வேணும்னா கண்ணைத் திறந்துக்குங்க. பத்துச் சவுக்கடி. சட்டம் உங்களுடையது." கேப்டன் திரும்பிப் போய்விட்டார்.

அறுவடைக் காலம் தொடங்கும்போது வேலி தீவின் தெற்கு முனைக்கு வந்து கடற்காலில் கால் நனைத்தது. எதிர்க்கரை கோடாகத் தெரிந்தது. மூன்று மைல். டார்கஸுக்கு மாதம் நிறைந்திருந்தது. காட்டுத் திராட்சை தீர்ந்துவிட்டது, ஆமைகள் விவரமாகிவிட்டன. பின்னால் போக வேலிக்குத் தெரியாது. தண்ணீர் நடுவே வேலிக்குள் யாராவது கண் திறந்தால் அங்கேயே நின்றுவிடும், அலை ஏறினால் நூற்றுப் பதினான்கு பேரும் அங்கேயே.

"எவ்வளவு நேரம் பேச முடியும், ஐயா?" என்று கிறிஸ்பின் பாதிரியாரைக் கேட்டான்.

பாதிரியார் ஒபதியா நிமிர்ந்தார். அவர் பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"எவ்வளவு வேணும்?" என்றார்.

விடிந்ததும் ஆரம்பித்தார். எல்லோரும் முழங்காலிட்டு, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டார்கள். கேப்டனும் கட்டிக்கொண்டார். ஒளி உண்டாகட்டும் என்றார் பாதிரியார், காலடியில் மணல் ஈரமாயிற்று. ஆதாம் ஏவாள் வெளியேறும்போது தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. நானூறு கம்பமும் தோளோடு தோள் இறுகி, வாசல் இடைவெளியும் நெருக்கி மூட, பீப்பாய்ப் பலகை மாதிரி ஒரு சொட்டு நுழையாமல் சேர்ந்துகொண்டதையும், அடியில் வேரோடு வேர் பின்னிக் கூடையின் அடி மாதிரி எல்லோரையும் தூக்கிக்கொண்டதையும் அவர்கள் பார்க்கவில்லை, முழங்காலால் உணர்ந்தார்கள். நோவா வந்தபோது ஊர் மிதந்தது. பாதிரியார் நோவாவை விடவில்லை, ஒவ்வொரு மிருகமாக, ஜோடி ஜோடியாக, தான் கேள்விப்படாத மிருகங்களையும் சேர்த்து ஏற்றினார்.

செங்கடல் பிளக்கும்போது டார்கஸ் அலறினாள்.

"கண்ணைத் திறக்காதே," என்று கத்தினான் கிறிஸ்பின். யாரிடம் சொன்னான், அவளிடமா, தன்னிடமா?

மருத்துவச்சி கிரிசெல் தரையைத் தடவிக்கொண்டே வந்தாள். "வழி விடுங்கடா. நாப்பது பிள்ளை எடுத்திருக்கேன், அதுல பாதி விளக்கில்லாம. கண்ணு எதுக்கு, கை இருக்கு."

"நீ பேசாம இரு கிரிசெல், பிரசங்கம் நடக்குது," என்று யாரோ.

"உன்னை எடுத்தவ எவளோ பேசாம இருந்ததாலதான் நீ இப்படி இருக்கே."

கட்டின கண்ணோடு ஊர் சிரித்தது. சிரிப்புக்கு மேலே டார்கஸின் அலறல், அலறலுக்கு மேலே பாதிரியாரின் குரல், தொண்டை கிழிந்து கரகரத்து, மோசேயை மலைமேல் ஏற்றி இறக்கி, சோர்ந்து, மறுபடி ஏறி, நாற்பது வருஷத்து வனாந்தரத்தை ஒரு வருஷமும் விடாமல் நடந்து, கானான் தேசத்தின் எல்லைக்கு வந்தது. கிறிஸ்பின் டார்கஸின் கையைப் பிடித்திருந்தான். அவன் விரல் இரண்டை அவள் அன்றைக்கு முறித்துவிட்டாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை.

குழந்தை அழுதது.

அழுகை நின்றது. வேலி ஒருதரம் குலுங்கி, எதிலோ இடித்து, நின்றது. பாதிரியார் நடு வார்த்தையில் நிறுத்தினார்.

"யாரு கண்ணைத் திறந்தது?" என்று கேப்டன் கத்தினார்.

"பிள்ளைதான் திறந்திருக்கும்," என்றாள் கிரிசெல். "எல்லார் கண்ணும் கட்டியிருக்கு, அதுக்கு யாரு கட்டினது?"

துணியை அவிழ்த்தார்கள். சாயங்கால வெயில். காலடியில் கறுப்பு மண். கம்பங்கள் மறுபடி விலகியிருந்தன, முன்னால் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம். கிரிசெல் கையில் ஒரு பெண் குழந்தை, கண்ணை அகல விரித்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. மெரியல் என்று பெயர் வைத்தார்கள். வேலி அதற்குப்பிறகு நடக்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடும் நேரத்தில் அந்தப் பிள்ளை ஒருநாளும் கண் மூடியதில்லை, எத்தனை சொல்லியும்.

அந்தத் தீவின் தலைவி எனோசா, ஐம்பது வயதுக்காரி, தண்ணீர்மேல் ஒரு ஊர் வருவதையும் உள்ளே ஒருவன் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருப்பதையும் காலையிலிருந்தே கரையில் உட்கார்ந்து பார்த்தவள். வெளியாள் கண்ணுக்கு வேலி கூசவில்லை. எழுந்துவந்து, இந்தமுறை சோளக்காட்டுப் பக்கமாக விரிந்துகொண்ட வாசல் இடைவெளியில் நின்றாள். எலும்பும் தோலுமாக நூற்றுச் சொச்சம் பேர். ஒரு பச்சைப்பிள்ளை. அவள் திரும்பி ஏதோ சொன்னாள், கூடை கூடையாகச் சுட்ட சோளம் வந்தது. கையை ஆட்டி வெளியே வரச் சொன்னாள். ஒருவரும் வரவில்லை. வாசல் இருக்கிறது, கதவு இல்லை, எதிரே சாப்பாடு, வரமாட்டேன் என்கிறார்கள். அவள் வாசலில் வேலி நிற்கிற கோட்டைப் பார்த்தாள், அவர்கள் காலைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டு கூடையை உள்ளே தள்ளினாள். டார்கஸ் அன்றைக்கு ஏழு கதிர் தின்றாள். விடியும்போது பால் சுரந்தது. கிறிஸ்பின் வேலியோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

ஆறு மாதத்தில் மொழி பழகியபிறகு எனோசா அவனைக் கேட்டாள்.

"இந்த மரத்தை யாரு வெட்டினது?"

"நான்."

"நாங்க இதுலதான் படகு செய்வோம். எங்க தாத்தன் காலத்துல இருந்து. ஓடுறதுக்குப் பிறந்த மரம். அதைக் கொண்டுபோய் வேலியா நட்டு வச்சு நில்லுன்னா, எப்படி நிக்கும்?" அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஊரைக் கூட்டி இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். கிறிஸ்பின் சொன்னான். தீவே விழுந்து விழுந்து சிரித்தது.

ஒன்றும் இரண்டுமாகத் தீவுக்காரர்களும் பழகிக்கொண்டார்கள். வேலிக்காரர்கள் வெளியே வரமாட்டார்கள், சரி, நாம் உள்ளே போவோம். சோளத்தை வேலியோரம் விதைத்தார்கள், இலை உள்ளே தலைநீட்டும்படி. அவர்கள் பிள்ளைகள் வாசல் வழியே ஓடிவந்து ஓடிப்போயின. கிறிஸ்பின் உள்ளே இருந்துகொண்டே அவர்களுக்குப் படகு செய்துகொடுத்தான், அவர்கள் நெருப்பு வைத்துக் குடைகிற இடத்தில் அவன் வாச்சி போட்டான். மூன்று கல்யாணம் நடந்தது, பெண் வெளியே மாப்பிள்ளை உள்ளே நின்று. பெண்கள்தான் உள்ளே வந்தார்கள். பாதிரியாரின் பிரசங்கத்துக்குத் தீவுக்காரர்கள் தவறாமல் வந்து உட்கார்ந்து, முடிந்ததும் இன்னும் கொஞ்சம் என்றார்கள். அவருக்கு உடம்பு தேறிவிட்டது.

மெரியல் நடந்தாள், ஓடினாள், பேசினாள். வேலிக்குள் ஒரு சுற்றுக்கு அறுநூறு அடி. அவள் உலகம் அவ்வளவுதான். தினமும் வாசலில் வந்து, விரல் நுனி கோட்டைத் தொடும்படி நிற்பாள். கூட விளையாடின பிள்ளைகள் கடலுக்கு ஓடும், அவள் நிற்பாள்.

"அப்பா, அங்க மண்ணு வேற மாதிரி இருக்குமா?"

"இதே மண்ணுதான்."

"அப்புறம் ஏன் போகக் கூடாது?"

கேப்டன் அந்தப் பக்கமாகப் போனார். கிறிஸ்பின் அவர் முதுகைப் பார்த்தான். நூற்றுப் பதினான்கு பேர் கை வைத்துச் சொன்னது. கேப்டன் ஒருவர்தான் அதை அவிழ்க்கலாம், அவர் காலையும் மாலையும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் வந்தால் காட்ட என்று ஒரு துப்பாக்கியும் கொம்பில் அடைத்த வெடிமருந்தும் காயவைத்து வைத்திருந்தார்.

நான்காவது கோடையில் கப்பல் வந்தது.

வடக்கிலிருந்து வந்தது. பழைய தீவில் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறது என்பது போக்கிலேயே தெரிந்தது. மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. கரைக்கு வெகு அருகே வந்து திரும்பியபோது, மேல்தளத்தில் தொப்பியோடு நின்றவரை எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. கவர்னர். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் வரிசையாகத் துப்பாக்கிக்காரர்கள். அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும்? வேலி இலைவிட்டு மூன்று வருஷம். ஒரு தோப்பு தெரியும்.

கேப்டன் துப்பாக்கியில் மருந்து போட்டார், திரியைப் பற்றவைத்தார். ஒரு வெடி போதும். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். எனோசா வாசலில் வந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் சோளக்காடு காற்றில் அலைந்தது. அவளுக்குத் துப்பாக்கி தெரியும். எரிந்த ஊரில் அவள் தங்கை இருந்தாள்.

கிறிஸ்பின் போய்த் துப்பாக்கிக்கு முன்னால் நின்றான்.

"தள்ளு," என்றார் கேப்டன்.

அவன் தள்ளவில்லை.

தண்ணீர்மேல் குரல் நன்றாக வரும். கப்பல்காரன் ஒருவன் கத்துவது அப்படியே வந்தது: "புயல் வருது ஐயா! பேரு மட்டும்தானே இருந்துச்சு, மேல சிலுவை இல்லையே! சுகமாத்தான் இருப்பாங்க! நங்கூரம் போட நேரமில்லை, போயிடலாம்!"

கவர்னர் கரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார், தலையசைத்தார். பாய் விரிந்தது.

கேப்டன் கிறிஸ்பினைப் பார்த்தார். திரி புகைந்துகொண்டிருந்தது.

"எட்டலைன்னு சொன்னியே."

"எட்டலைதான்."

"உன் கை நீளம் எனக்கு அன்னிக்கே தெரியும்டா," என்றார் கேப்டன். "நானும் எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கலை."

திரியை நாக்கில் தொட்டு அணைத்தார். துப்பாக்கியைச் சோளக்கூடையில் சாய்த்துவைத்தார். கச்சையை இழுத்துவிட்டுக்கொண்டு, சட்டம் படிக்கிற குரலை வரவழைத்தார்.

"கவர்னர் திரும்பி வரும்வரை வேலி தாண்ட மாட்டோம்னு சத்தியம். வந்தாரா?"

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது கிரிசெலுக்கு.

"வந்தாரு! நான் கண்ணால பார்த்தேன்! தொப்பி போட்டிருந்தாரு!"

"எல்லாரும் பார்த்தீங்களா?"

"பார்த்தோம்!"

"திரும்பிப் போனது அவர் விருப்பம். அதைப்பத்திச் சத்தியத்துல ஒண்ணும் இல்லை," என்றார் கேப்டன். "முடிஞ்சுது."

யாரும் அசையவில்லை. நான்கு வருஷம் தூக்காத கால் சட்டென்று தூக்க வராது. கோட்டுக்கு உள்ளே வரிசையாக, திருவிழாவில் கயிறு கட்டின மாதிரி நின்றார்கள். கிறிஸ்பின் குனிந்தான்.

"போ," என்றான் மெரியலிடம்.

மெரியல் ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். மிதித்துப் பார்த்தாள். திரும்பி அவனைப் பார்த்து, "இதே மண்ணுதான்!" என்று கத்திவிட்டு ஓடினாள், கப்பல் இருந்த பக்கம் இல்லை, சோளக்காட்டுக்குள். அவள் பின்னால் டார்கஸ், டார்கஸ் பின்னால் கிரிசெல், பாதிரியார் பாவாடை அங்கியைத் தூக்கிக்கொண்டு, பன்றிகள், கல்யாணம் முடித்தவர்கள், முடிக்காதவர்கள், மழை கொட்ட ஆரம்பிக்க, நூற்றுச் சொச்சம் பேரும் ஓ என்று கத்திக்கொண்டு சோளத்துக்குள் பாய்ந்தார்கள். கடைசியாகக் கேப்டன். கோட்டருகே நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வண்டித்தடத்தைத் தாண்டுகிறவர் மாதிரி நிதானமாகத் தாண்டினார்.

"மத்தியானத்துக்கு என்ன?" என்று எனோசாவைக் கேட்டார்.

எல்லோர் கண்ணும் அந்தப் பிள்ளை போன வழியிலேயே இருந்தது. பின்னால் ஒருவரும் பார்க்கவில்லை. மழை விட்டபிறகுதான் கிறிஸ்பின் திரும்பினான். கரைமணலில் நானூற்றுச் சொச்சம் குழி, வட்டமாக, ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர். அங்கிருந்து கடல்வரைக்கும் வேர் பதிந்த தடம். தூரத்தில், அலைக்கு அப்பால், பச்சையாக ஏதோ ஒன்று போய்க்கொண்டிருந்தது, கப்பலைவிட வேகமாக.

அவன் முறிந்து கோணலாகச் சேர்ந்த அந்த இரண்டு விரலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

"நல்ல மரம்," என்றான். சாப்பிடப் போனான்.